தூணில் பூச்சு நிற்க வேண்டுமானால் முதலில் கொத்துங்கள்

எங்கள் வீட்டு முன்தூணில் பூச்சு பாளம் பாளமாகக் கழன்று விழுந்தது. அடியில் கான்கிரீட் வழவழவென்று இருந்தது. எண்ணெய் தடவிய சென்ட்ரிங் தகட்டில் (கான்கிரீட் வார்க்கும் அச்சில்) வார்த்த தூணை யாரோ கொத்தாமலேயே பூசியிருக்கிறார்கள். அதை நானே சரிசெய்த முறை இது.

சிறு சுத்தியலால் மீதிப் பூச்சைத் தட்டிப் பாருங்கள். பொள்ளென்று ஒலிக்கும் இடமெல்லாம் பிடிப்பு விட்ட இடம். கெட்டியான ஓசை வரும் எல்லை வரை தட்டை உளியால் பெயர்த்துவிடுங்கள்.

அடுத்தது கொத்துதல். வேலையின் உயிர் இதில்தான் இருக்கிறது. கூர் உளியும் ஒரு கிலோ சுத்தியலும் போதும். வாடகைக்குக் கிடைக்கும் உடைப்பு இயந்திரத்தை ஒரு தூணுக்காக எடுக்க வேண்டாம். அது விளிம்பைப் பெயர்த்துவிடும். கடை உளியைவிடக் கொல்லுப்பட்டறை உளியே எனக்குப் பிடிக்கும். மழுங்கினால் காய்ச்சி அடித்து, முனை கெட்டியாகத் துவைச்சல் ஏற்றித் (சூட்டோடு தண்ணீரில் தோய்த்துத்) தருவார்கள். உளியைச் சற்றுச் சாய்த்துப் பிடித்து, இரண்டு விரல் இடைவெளியில், சுமார் 3 மி.மீ. ஆழத்துக்குக் கொத்துங்கள். மேல்தோல் உடைந்து உள்ளே மணலும் ஜல்லியும் தெரிய வேண்டும். வெள்ளைக் கீறல் மட்டும் விழுந்தால் அது கொத்தே அல்ல. பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் உளியைத் தொடாதீர்கள். தலை விரிந்து பிசிறு கட்டிய உளியையும் தேய்த்துச் சரிசெய்யுங்கள். அந்தப் பிசிறு தெறித்தால் சதையில் ஏறும்.

பிறகு கம்பி பிரஷால் தேய்த்து, தூசி போகும்வரை கழுவுங்கள். தூசியின்மேல் எந்தக் கலவையும் ஒட்டாது. ஈரம் இருக்கும்போதே சிமெண்ட் பால் (தண்ணீரில் கரைத்த சிமெண்ட்) பூசி, அது காய்வதற்குள் 1:4 கலவையை (ஒரு பங்கு சிமெண்ட், நான்கு பங்கு மணல்) கரண்டியால் வீசி அடியுங்கள். கனம் 12 மி.மீ. போதும். மட்டக்கட்டையால் இழுத்து, மணியாஸ் கட்டையால் (பூச்சைத் தேய்க்கும் கைப்பிடிப் பலகையால்) தேய்த்துவிடுங்கள். ஏழு நாள் தண்ணீர் காட்டுங்கள்.

பிற்சேர்க்கை: தூணும் செங்கல் சுவரும் சேரும் கோட்டில் விரிசல் வருவதாகச் சிலர் எழுதியிருக்கிறார்கள். இரண்டும் வெப்பத்தில் ஒரே அளவாக விரிவதில்லை. கோட்டின் இருபுறமும் 15 செ.மீ. படியும்படி கோழிவலை அடித்துவிட்டுப் பூசுங்கள்.

கொத்தும்போது துருப்பிடித்த கம்பி தெரிந்தாலோ, கான்கிரீட்டே உதிர்ந்தாலோ அப்படியே நிறுத்துங்கள். அதைப் பூசி மறைக்கக் கூடாது. பொறியாளரை அழைத்துக் காட்டுங்கள்.