துடைப்பத்தை வையுங்கள், ஈரத்துணியை எடுங்கள்

கீமோ எடுப்பவரோ எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்துகொண்டவரோ வீட்டில் இருந்தால், பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள், அதையும் அவர் வேறு அறையில் இருக்கும்போது செய்யுங்கள். ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சையின் வித்துகள் 2 முதல் 3 மைக்ரான்தான், பெருக்கினால் தூசியோடு கிளம்பி வெகுநேரம் காற்றில் மிதந்து நுரையீரலின் அடிவரை போய்விடும். மற்றவர்களுக்கு உடம்பே அதைச் சமாளித்துவிடும், இந்தச் சிகிச்சைகளால் நியூட்ரோஃபில் எனப்படும், கிருமிகளை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் குறைந்தவருக்கு அது முடியாது. ஈரம் தூசியை அப்படியே பிடித்துக்கொள்ளும். தொட்டி மண்ணைக் கிளறும் வேலையும் அவருக்கு வேண்டாம்.

ஆனால் சுவரே பூஞ்சை பிடித்திருந்தாலோ, இடிப்பு வேலை நடந்தாலோ இது போதாது, எல்லாம் முடிந்து தூசி அடங்கும்வரை அவரை வேறு இடத்தில் தங்கவைப்பதுதான் சரி. அப்புறம், டாக்டர் கொடுத்த பூஞ்சைத் தடுப்பு மாத்திரையை இதை நம்பி நிறுத்திவிடாதீர்கள்.