வள்ளத்துக்கு லித்தியம் பேட்டரிப் பெட்டி: இணைப்புகள் அசைவில் விடாமல் இருக்க

குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் பைபர் வள்ளத்தில் விளக்கு, ஜிபிஎஸ், எக்கோ சவுண்டருக்கு லித்தியம் பேட்டரி கட்டலாமா என்று யோசிப்பவர்களுக்கான பதிவு இது. 3.2 வோல்ட், 100 ஆம்பியர் மணி எல்எப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) செல் நான்கை வரிசையாக இணைத்தால் 12.8 வோல்ட். மின்கணக்கு அவ்வளவுதான். மிச்ச வேலையெல்லாம் குலுக்கலோடுதான். அலையடி, இன்ஜின் அதிர்வு, கரையேறும்போது மணலில் விழும் இடி எல்லாம் கடைசியில் போய்ச் சேருவது செல்லின் முனையில்தான். அந்த முனை மின்சாரம் எடுக்க வைத்தது, எடை தாங்க வைத்ததில்லை. பெட்டி முழுக்க இந்த ஒரு கணக்கில்தான் கட்ட வேண்டும்.

தொடங்கும் முன் மோதிரம், வாட்ச், கழுத்துச் சங்கிலியைக் கழற்றி வையுங்கள். ஸ்பேனரின் பிடியில் இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள். ஷார்ட் ஆனால் இந்தச் செல்கள் ஆயிரக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும்.

முதல் படி, சட்டம். செல்களை ஒட்டி நிறுத்தி, நடுவில் பைபர் ஷீட் கொடுங்கள். வரிசையின் இரு கோடியிலும் கனமான பலகையோ அலுமினியத் தகடோ வைத்து, நான்கு திரெட் ராடால் இறுக்குங்கள். ராடு மேல் பிளாஸ்டிக் குழாய் போடாமல் விடாதீர்கள். சார்ஜ் ஏறும்போது இந்தச் செல்கள் கொஞ்சம் உப்பும், இறங்கும்போது சுருங்கும். சட்டம் இல்லையென்றால் முனைக்கு முனை தூரம் மாறிக்கொண்டே இருக்கும். அதற்காக நசுக்கவும் கூடாது. எவ்வளவு அழுத்தம் என்று செல்லின் தகவல் தாளில் இருக்கும்.

இரண்டாவது, பஸ்பார், அதாவது ஒரு செல்லின் முனையை அடுத்த செல்லோடு இணைக்கும் பட்டை. நேரான கனத்த செம்புப் பட்டை பார்க்க உறுதியாகத் தெரியும், ஆனால் ஒரு செல் அசைந்தால் அந்த இழுப்பை அப்படியே பக்கத்துச் செல்லின் முனைக்குக் கொண்டுபோகும். முனையைச் சுற்றியுள்ள சீல் விட்டுப்போனால் செல் முடிந்தது. நடுவில் வளைவு கொடுத்த பட்டையோ, மெல்லிய செம்புத் தகடுகளை அடுக்கியதோ, பின்னல் செம்போ வாங்குங்கள். நிக்கல் பூசியது நல்லது. முனை அலுமினியம், பட்டை செம்பு, நடுவில் நம்மூர் உப்புக்காற்று: மூன்றும் சேர்ந்தால் அரிப்பு சீக்கிரம் பிடிக்கும்.

மூன்றாவது, இறுக்குவது. இதில் அவசரமே கூடாது. அலுமினிய முனையை நைசான உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, ஆல்கஹாலில் துடைத்து, உடனே மின் இணைப்புகளுக்கான கிரீஸை மெல்லிசாகத் தடவுங்கள். நிக்கல் பூச்சைத் தேய்க்காதீர்கள். முனை மேல் நேரடியாகப் பஸ்பார், அதன் மேல் பிஎம்எஸ் (செல்களைக் கண்காணித்துக் காக்கும் சர்க்யூட்) ஒயரின் லக் (ஒயர் நுனியில் மாட்டும் வளைய முனை), பிறகு தட்டை வாஷர், ஸ்பிரிங் வாஷர், நட். பஸ்பாருக்கு அடியில் வாஷர் போகவே கூடாது. துருப்பிடிக்காத எஃகின் மின்தடை செம்பைவிடச் சுமார் 40 மடங்கு. எம்6 முனைக்குப் பெரும்பாலும் 4 முதல் 6 நியூட்டன் மீட்டர் போதும், ஆனால் உங்கள் செல்லின் தாளில் உள்ள அளவே கணக்கு. டார்க் ரெஞ்ச் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) இரவல் வாங்கியாவது பயன்படுத்துங்கள். கைக்கணக்கில் முறுக்கினால் அலுமினிய மரை உரிந்துவிடும். இறுக்கியதும் நட்டிலிருந்து பட்டை வரை பெயின்ட் கோடு ஒன்று போடுங்கள். நட் தளர்ந்தால் கோடு உடைந்து காட்டும்.

அப்புறம் ஒயர்கள். பிஎம்எஸ்ஸின் மெல்லிய ஒயர்கள்தான் முதலில் அறுபடும், அதுவும் ஈயம் வைத்த இடம் முடிகிற புள்ளியில். அதனால் ஈயம் வைக்காமல் லக்கை கிரிம்ப் செய்து (கருவியால் நசுக்கிப் பிடிக்க வைத்து), முனைக்குப் பக்கத்தில் சின்ன வளையம் விட்டு, சட்டத்தோடு பிளாஸ்டிக் டேக் போட்டுக் கட்டுங்கள். பெரிய கேபிளை பெட்டிச் சுவரிலேயே கிளாம்ப் செய்யுங்கள். வெளியிலிருந்து யாராவது இழுத்தாலும் முனைக்குத் தெரியக்கூடாது. பாசிட்டிவ் முனைக்குப் பக்கத்திலேயே பியூஸ்.

பெட்டியை எங்கே வைப்பது? அணியத்தில் (முன்பக்கம்) அலையடி அதிகம், பின்பக்கம் இன்ஜின் அதிர்வு. நடுப்பகுதிதான் சரி. அடியில் ரப்பர் ஷீட், மேலே பட்டை, மூடிக்குக் கேஸ்கெட்.

கடைசியாகச் சோதனை. நான்கு 55 வாட் ஹெட்லைட் பல்பை இணையாகப் போட்டால் 17, 18 ஆம்பியர் ஓடும். மல்டிமீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து, ஒரு கம்பியைச் செல் முனையிலும் மற்றதைப் பஸ்பாரிலும் தொடுங்கள். நல்ல இணைப்பில் 2 மில்லிவோல்ட் அளவில்தான் இருக்கும். ஒன்று மட்டும் 8, 10 காட்டினால் அதைக் கழற்றித் துடைத்து மறுபடி இறுக்குங்கள். மின்சாரம் ஓடும்போதே கேபிளைக் கையால் அசைத்தும் பாருங்கள், எண் துள்ளக்கூடாது.

அளவுகளை மூடியின் உள்பக்கம் மார்க்கரால் எழுதிவிடுங்கள். வள்ளம் கரையில் கிடக்கும் நாட்களில் அதே பல்புகளைப் போட்டு மறுபடி அளக்கலாம். எந்த இணைப்பின் எண் இரட்டிப்பாகியிருக்கிறதோ அதை மட்டும் திறந்தால் போதும்.