மாத்திரைக்குள் மறையும் காய்ச்சல்: ஃப்ளூ காலத்தில் ஆலைகள் செய்யும் தவறுகள்

கங்கைகொண்டான் பக்கத்து ஆலைகளில் புதிதாகச் சேர்ந்த நல அலுவலர்கள் மூவர், தாங்கள் தயாரித்த கொள்ளைநோய்த் திட்டத்தைச் சென்ற வாரம் என்னிடம் காட்டினார்கள். முதல் பக்கத்தில் கிருமிநாசினி, அடுத்த பக்கத்தில் வாயிலில் வெப்பமானி, அதற்கடுத்து சுவரொட்டி. 2009இல் நான் எழுதிய திட்டமும் அச்சு அசலாக இதேதான். கை கழுவுவதும் இருமும்போது வாயை மூடுவதும் எல்லோருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

வருகை ஊக்கத்தொகையைத் தொடாமல் விடுவது

இதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது. மாதம் முழுவதும் விடுப்பே எடுக்காமல் வந்தால் ஊக்கத்தொகை. ஒரு நாள் தவறினாலும் மொத்தமும் போய்விடும். ஃப்ளூ பரவும் மாதத்தில் இந்த விதி நோயைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வருகிறது.

2009 ஜூன் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் எச்1என்1 காய்ச்சலை உலகளாவிய கொள்ளைநோயாக அறிவித்தது. அந்த ஆண்டு ஐப்பசி மழையில் எங்கள் நூற்பாலை வாயிலில் வெப்பமானியோடு ஓர் ஆளை நிறுத்தினேன். பதிவேட்டில் ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை. திட்டம் பலிக்கிறது என்று நம்பினேன்.

ஒருநாள் காலை ஷிப்ட்டில் நூல் நூற்கும் ரிங் பிரேம் கூடத்துக்குள் போனபோது, அறுந்த நூலை இணைக்கும் சைடர் வேலை பார்க்கும் பெண் ஒருவர் தூணைப் பிடித்தபடி நின்றிருந்தார். இமைகளில் பஞ்சுத் தூசி, உதடு வறண்டு வெடித்திருந்தது. முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பாராசிட்டமால் அட்டை ஒன்றை எடுத்தார். பத்தில் இரண்டு மாத்திரைதான் மிச்சம். விடியுமுன் வேன் ஏறும்போது ஒன்று விழுங்கியிருக்கிறார். "மாசம் முடிய இன்னும் ஆறு நாள்தான் சார்" என்றார்.

பாராசிட்டமால் சூட்டைத் தணிக்கும். வைரஸை ஒன்றும் செய்யாது. ஃப்ளூ வந்தவர் அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே நோயைப் பரப்பலாம். அறிகுறி தொடங்கிய பின் ஐந்து முதல் ஏழு நாள் வரை அது நீடிக்கும். முதல் மூன்று நாள்களில் உச்சமாக இருக்கும். மாத்திரை போட்டவரை ஆலை வாயிலில் வைத்த வெப்பமானி கண்டுபிடிக்காது. அடுத்த வாரம் அதே வேனில் வந்தவர்களில் ஒன்பது பேர் படுத்துவிட்டார்கள். அந்தப் பெண்ணின் ஊக்கத்தொகை, நின்றுபோன இயந்திரங்களின் அரை நாள் நஷ்டத்துக்குக்கூட ஈடாகாது. அவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அந்த விதியை மாற்றச் சொல்லி நிர்வாகத்திடம் பேசியிருக்க வேண்டியவன் நான்.

பரவல் அடங்கும் வரை காய்ச்சல் விடுப்பை வருகைக் கணக்கில் கழிக்காதீர்கள். அதை எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். மேஸ்திரி வாயாலும் சொல்லச் சொல்லுங்கள், மேஸ்திரி சொன்னால்தான் நம்புவார்கள். ஒப்பந்தத் தொழிலாளருக்கும் இதே விதி வேண்டும். முதல் நாளே மருத்துவச் சான்று கேட்டு, நடுங்கும் ஆளை ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க வைக்காதீர்கள். மாத்திரை இல்லாமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாதிருந்தால் பிறகு வேலைக்கு வரட்டும்.

'இஎஸ்ஐ இருக்கிறதே' என்று இருந்துவிடுவது

இஎஸ்ஐ என்ற தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் நோய்க்கால உதவித்தொகை கூலியில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை. ஆனால் பொதுவாக முதல் இரண்டு நாளுக்கு அது கிடையாது. ஃப்ளூ மும்முரமாகப் பரவும் நாள்களும் அவைதான். அந்த இரண்டு நாள் கூலியை ஆலையே கொடுக்க வேண்டும்.

வேனை மறப்பது

மானூரிலிருந்தும் சீவலப்பேரியிலிருந்தும் மழைக்குச் சன்னல்களை அடைத்துக்கொண்டு வரும் வேனில் தோளோடு தோள் இடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். கூடத்தில் இடைவெளிக் கோடு வரைந்துவிட்டு இதைக் கவனிக்காமல் விடுகிறோம். எதிரெதிரே இரண்டு சன்னலையாவது ஒரு சாண் திறந்து வைக்கச் சொல்லுங்கள். சாரல் பட்டால் பரவாயில்லை. வேனுக்குள் முகக்கவசம் கட்டாயம்.

ஒரே ஆளை நம்பியிருப்பது

எலக்ட்ரீசியன், சம்பளக் கணக்கர், ஈரப்பதம் பார்ப்பவர்: ஒவ்வொருவருக்கும் மாற்றாக இருவரை இப்போதே பழக்குங்கள். கடும் கொள்ளைநோயின் உச்சத்தில் 40 சதவீதம் பேர் வரை வராமல் போகலாம் என்று அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்புத் துறை தன் வழிகாட்டலில் கணக்கிட்டிருக்கிறது.

நிலவேம்புக் குடிநீரோடு நிறுத்திக்கொள்வது

கொடுங்கள். அதைக் காரணம் காட்டி விடுப்பை மறுக்காதீர்கள்.

கர்ப்பிணிகளையும் காத்திருக்கச் சொல்வது

கர்ப்பிணிகள், சர்க்கரை நோயாளிகள், ஆஸ்துமா உள்ளவர்கள் ஆகியோருக்கு ஃப்ளூ விரைவில் நிமோனியாவாக முற்றக்கூடும். ஃப்ளூ வைரஸைக் கட்டுப்படுத்தும் ஒசல்டாமிவிர் மருந்து, அறிகுறி தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாகப் பயன்படும். இவர்களுக்கு மட்டும் 'இரண்டு நாள் பார்ப்போம்' என்ற பேச்சே கூடாது. காய்ச்சல் கண்ட அன்றே மருத்துவரிடம் அனுப்புங்கள், இரவு ஷிப்ட்டாக இருந்தாலும் ஆலை வண்டியிலேயே.