பெர்லின் யூத நூதனசாலை: அம்மாவோடு போகிறவர்களுக்கு

யாழ்ப்பாணத்திலிருந்து பிள்ளைகளைப் பார்க்க பெர்லினுக்குப் போகிற பெற்றோருக்கு வழக்கமாகக் காட்டுவது பிராண்டன்பர்க் வாசலும் உடைந்த மதிலும்தான். போன கோடையில் தம்பி வீட்டில் நின்றபோது 82 வயது அம்மாவை யூத நூதனசாலைக்கும் கூட்டிப்போனேன். நீங்களும் போங்கள், என் பிழைகளை விட்டுவிட்டு.

பெர்லினின் க்ரொய்ஸ்பெர்க் பகுதியில் இருக்கிறது, ஹலெஷஸ் டோர் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். யோம் கிப்பூர் போன்ற யூதப் பெருநாட்களில் பூட்டு. வாசலில் பைகளை ஸ்கேன் பண்ணுவார்கள், ஆகவே பாக்குவெட்டியை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். அது என்னவென்று விளங்கப்படுத்த எனக்கு ஜெர்மன் போதவில்லை.

2001இல் திறந்த இந்தக் கட்டடத்தை வரைந்தவர் டேனியல் லிபெஸ்கிண்ட். நிலத்துக்குக் கீழே மூன்று வழிகள் பிரியும். நான் அவசரப்பட்டு, புலம்பெயர்வு வழியின் முடிவிலுள்ள தோட்டத்துக்கு நேரே போய்விட்டேன். அங்கே 49 கொங்கிரீட் தூண்கள். நிலத்தை வேண்டுமென்றே சரித்துவிட்டிருக்கிறார்கள். புது நாட்டில் கால் ஊன்றாத தள்ளாட்டம் உடம்புக்கே தெரிய வேண்டுமாம். அம்மாவுக்குத் தெரிந்தது தலைச்சுற்றுத்தான். முழங்கால் நோ உள்ளவர்களைத் தோட்ட வாசலிலேயே நிறுத்துங்கள்.

நேரத்தைச் செலவழிக்க வேண்டியது வழியோரக் கண்ணாடிப் பெட்டிகளில். கடிதம், படம், சின்னச் சின்னச் சாமான்கள். குறிப்புகளில் 'ஷெங்குங்' என்ற சொல்லைத் தேடுங்கள். அன்பளிப்பு என்று அர்த்தம். கொடுத்தவர் பெயர் பக்கத்திலேயே இருக்கும். இங்கே இருப்பதில் பெரும்பகுதி குடும்பங்கள் கொடுத்தது.

இதெல்லாம் விளங்க, கொஞ்சக் கதையை வீட்டிலேயே சொல்லிவையுங்கள். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933இல் ஜெர்மனியில் சுமார் 5 லட்சம் யூதர்கள். பாதிக்கு மேல் வெளியேறினார்கள், ஆனால் சும்மா விடவில்லை. வசதியுள்ளவர்களின் சொத்தில் கால்பங்கு வரியாகப் போனது. 1938 அக்டோபரிலிருந்து கடவுச்சீட்டில் சிவப்பு 'ஜே' முத்திரை, யூதர் என்பதற்கான ஜெர்மன் சொல்லின் முதலெழுத்து. கையில் 10 மார்க்தான் கொண்டுபோகலாம். கப்பலில் ஏற்றும் வீட்டுச் சாமானைக் கரண்டி வரை எழுதி, எது 1933க்கு முன் வாங்கியது, எது பின் என்று பிரித்து அதிகாரியிடம் நீட்ட வேண்டும்.

"ஆட்டுக்கல்லையும் எழுதச் சொல்லியிருப்பாங்களோ?" என்றார் அம்மா. 1995 இடப்பெயர்வில் அவர் விட்டுவந்தவற்றில் இன்றும் சொல்லிச் சொல்லிக் கவலைப்படுவது அந்த ஆட்டுக்கல்லுக்குத்தான்.

மேலே, கட்டடத்துக்குள் வேண்டுமென்றே வெறுமையாக விட்ட ஒரு வெற்றிடத்தில் மெனாஷே கடிஷ்மன் செய்த இரும்பு முகங்கள், 10,000க்கு மேல், தரையில் கிடக்கும். மிதித்து நடக்கலாம். அம்மா செருப்பைக் கழற்றிப் பார்த்தார், பிறகும் கால் வைக்கவில்லை. வற்புறுத்தாதீர்கள். மற்றவர்கள் நடக்கிற சத்தமே போதும்.

ஓவியத்துக்கு இன்னொரு நாள் ஒதுக்கி, வான்சே ஏரிக்கரையில் யூத ஓவியர் மக்ஸ் லீபர்மன் வீட்டுக்குப் போங்கள். தான் தலைவராயிருந்த பிரஷியக் கலைக்கழகத்திலிருந்து 1933இல் விலகி, 1935இல் இறந்தவர். மனைவி மார்த்தா, முகாமுக்குக் கொண்டுபோக வருமுன், 1943இல் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். லீபர்மன் வரைந்த கோவாப் பாத்தி அம்மாவுக்கு மிகவும் பிடித்தது.

நூதனசாலை போகிற நாளின் மாலையில் வேறு அலுவல் வைக்காதீர்கள். அன்றிரவு தம்பி அலுமாரிக்கு மேலிருந்த பழைய பையை இறக்கினான். 1985இல் கிழக்கு பெர்லின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கியபோது கையில் இருந்த பை. உள்ளே ஒரு வெறும் ஹோர்லிக்ஸ் போத்தல். அதில் ஒட்டிய தாளில் அம்மாவின் எழுத்து: 'மிளகாய்த்தூள். உறைப்பு கூட.'