கார் கொன்சோலை நீங்களே கழற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாதம் இரண்டு தடவை பிள்ளைகளை நிலாவெளிக் கடற்கரைக்குக் கூட்டிப் போய் வருகிற காரில், கியர் லீவருக்கும் ஹான்ட் பிரேக்குக்கும் அடியில் ஒரு சிரட்டை மணலாவது இருக்கும். அதோடு எப்போதோ விழுந்த சில்லறைக் காசு, டொபித் தாள், ஊற்றுப்பட்டுக் காய்ந்த தேத்தண்ணியின் பிசுக்கு. இரண்டு முன் சீற்றுகளுக்கும் நடுவே நீளமாக இருக்கிற அந்தப் பிளாஸ்டிக் பெட்டியைத்தான் சென்டர் கொன்சோல் என்கிறோம். உள்ளே துப்புரவு செய்ய, ஹான்ட் பிரேக் கேபிளை இறுக்க, போன் சார்ஜ் பண்ணும் சொக்கெட்டை மாற்ற, கடகட என்று வரும் சத்தத்தைத் தேட என்று ஏதாவது ஒன்றுக்காக அதைக் கழற்ற வேண்டி வரும். பெரிய வேலை இல்லை, ஒரு காலைப்பொழுது போதும். ஆனால் இந்த வேலையில் வருகிற மோசமான பிழைகள், முதல் ஸ்குரூவில் கை வைப்பதற்கு முன்னமே நடந்து முடிந்துவிடுகின்றன.

ஜப்பானில் இருந்து வந்த வாகன் ஆர் வைத்திருப்பவர்களுக்கு இதில் பெரும்பகுதி பொருந்தாது. அதன் கியர் லீவர் டாஷ்போர்டிலேயே இருக்கிறது, ஹான்ட் பிரேக்கும் காலால் மிதிப்பது. கொரோலா, விட்ஸ், அக்வா மாதிரி நடுவில் பெட்டி உள்ள கார்களை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

பற்றரியைக் கழற்று என்பதுதான் எல்லாரும் சொல்லும் முதல் அறிவுரை. சரியான அறிவுரைதான். ஆனால் ஓட்டோ கியர் காரில் அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. கொன்சோலின் மேல்தட்டு லீவரைத் தாண்டி வெளியே வர, பல கார்களில் கியர் 'பி'யில் (பார்க்) இருந்து 'என்'னுக்கு (நியூட்ரல்) வந்திருக்க வேண்டும். 'பி'யில் இருந்து லீவரை விடுவிப்பது ஒரு சிறிய மின்காந்தப் பூட்டு. இக்னிஷன் ஓனில் இருந்து, பிரேக்கையும் மிதித்தால்தான் அது திறக்கும். பற்றரியை முதலில் கழற்றிவிட்டால் அந்தப் பூட்டுக்கு மின்சாரம் போகாது, லீவர் அசையாது. பிறகு 'ஏன் வருதில்லை' என்று பலத்தைப் போட்டு லீவரை ஆட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். லீவருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மூடி இருந்தால், அதைக் கிளப்பி உள்ளே மெல்லிய கம்பியால் அமர்த்தி விடுவிக்கலாம். எல்லாக் கார்களிலும் அது கைக்கு எட்டும் இடத்தில் இருக்காது. அதனால் முதலில் கியரை 'என்'னுக்குக் கொண்டு வாருங்கள், இக்னிஷனை நிறுத்துங்கள், அதன் பிறகு பற்றரிக்குப் போங்கள். 'என்'னில் இருக்கும்போது திறப்பு வெளியே வராமல் நிற்கலாம், அது பழுது இல்லை.

இங்கேதான் ஆபத்தும் வருகிறது. 'என்'னில் இருக்கிற காரைப் பிடித்து வைத்திருப்பது ஹான்ட் பிரேக் மட்டும்தான். கொன்சோல் அதன் மேலாகக் கழன்று வர வேண்டும் என்பதற்காக லீவரை முழுக்க மேலே தூக்கியிருப்போம். பெட்டியை அங்கும் இங்கும் திருப்பும்போது கை பட்டு அதன் பொத்தான் அமர்ந்துவிடலாம். கேபிளைத் தளர்த்துகிற வேலை என்றால் காரைப் பிடிக்க ஒன்றுமே இல்லை. உவர்மலைப் பக்கம் வீட்டு வாசலே சரிவாக இருக்கிறவர்கள் தயவுசெய்து சமதரைக்குப் போய்ச் செய்யுங்கள். சமதரையிலும் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை கொடுங்கள். செங்கல் நொறுங்கிப் போகும், அதை நம்ப வேண்டாம்.

அடுத்தது எயார்பேக். பெரும்பாலான கார்களில் எயார்பேக்கைக் கட்டுப்படுத்துகிற பெட்டி இந்தக் கொன்சோலுக்கு அடியில்தான், தரையோடு போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கும். மேலே முன்பக்கத்தைக் காட்டும் அம்புக்குறி ஒன்று இருக்கும், மஞ்சள் நிறக் கனெக்டர் போகும். கார் மோதுவதை உணருகிற பெட்டி அது. பற்றரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிய பிறகும் அதற்குள் கொஞ்ச நேரம் மின்சாரம் தேங்கி நிற்கும், மோதலில் பற்றரி அறுந்தாலும் பை விரிய வேண்டும் என்பதற்காக அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். டொயோட்டா குறைந்தது 90 விநாடி காத்திருக்கச் சொல்கிறது, ஹொண்டா 3 நிமிடம் என்கிறது. நான் 10 நிமிடம் விடுவேன். அந்த நேரத்தில் சீற்றை முன்னும் பின்னும் தள்ளி, உள்ளே தூசி உறிஞ்சி, படம் எடுத்துக்கொள்ளலாம்.

மஞ்சள் கனெக்டர் எதையும் கழற்ற வேண்டிய தேவை இந்த வேலையில் இல்லை. முன் சீற்றுக்கு அடியிலும் மஞ்சள் வயர் தெரியும். இடம் போதவில்லை என்று சீற்றையே கழற்றப் போய், அதையும் பிரித்து, பிறகு இக்னிஷனைப் போட்டுப் பார்த்தால் எயார்பேக் விளக்கு நிரந்தரமாக எரியத் தொடங்கும். அதை அணைக்க ஸ்கேனர் உள்ள ஒருவரைத் தேடிப் போக வேண்டும். இக்னிஷன் ஓனில் இருக்கும்போது அந்தப் பெட்டியை எதாலும் தட்டவோ இடிக்கவோ கூடாது.

ஹைபிரிட் கார் என்றால் இரண்டு விஷயம். ஆரஞ்சு நிறக் கேபிள் எங்கே தெரிந்தாலும் தொடாதீர்கள், அது உயர் மின்னழுத்தம். அப்புறம், சாதாரண 12 வோல்ட் பற்றரி பொனட்டுக்குள்தான் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். அக்வாவில் அது பின் சீற்றுக்கு அடியில், மூன்றாம் தலைமுறை பிரியஸில் டிக்கியின் வலது மூலையில். பிரியஸின் பின் கதவு மின்சாரத்தில் திறப்பது. முனையைக் கழற்றிவிட்டுக் கதவைச் சாத்தினால் வழமை போலத் திறக்காது, ஆகவே திறந்தபடியே விட்டு வேலை செய்யுங்கள்.

ஜப்பானில் பாவித்து இங்கே வந்த டொயோட்டா கார்கள் பலவற்றில், பற்றரி கழன்றதும் நவிகேஷன் செட் பூட்டிக்கொண்டு, ஈஆர்சி என்ற எண்ணைக் காட்டி, பூட்டைத் திறக்கும் குறியீடு கேட்கும். சில ஹொண்டா ரேடியோக்களும் குறியீடு கேட்பவை. வாங்கும்போது தந்த தாளில் அது இருக்கிறதா என்று முதலே பாருங்கள். இல்லாவிட்டால் பாட்டுக்கூடக் கேட்க முடியாமல் போகும்.

சரி, இனிக் கழற்றலாம்.

நான் முதன்முதலில் கழற்றியது என் பழைய காரின் கொன்சோலை. பக்கத்தில் தெரிந்த நாலு ஸ்குரூவையும் எடுத்துவிட்டேன், முன்பக்கம் மேலே கிளம்பியது, பின்பக்கம் வரவில்லை. கிளிப் இறுகிவிட்டது என்று நினைத்து இரண்டு கையாலும் தூக்கினேன். படார் என்று ஒரு சத்தம். கை வைக்கும் பெட்டிக்குள், அடியில் விரித்திருந்த ரப்பர் விரிப்புக்குக் கீழே இரண்டு ஸ்குரூ இருந்திருக்கின்றன. அவை பிடித்திருந்த பிளாஸ்டிக் காது பிளந்து போனது. திருகோணமலையில் நான் கேட்ட கடைகளில் அந்தத் துண்டு தனியாகக் கிடைக்கவில்லை. கடைசியில் கொழும்பு பஞ்சிகாவத்தையில் இருந்து முழுக் கொன்சோலாகவே ஒருவர் எடுத்து வந்து தந்தார், நிறம் ஒரு படி மங்கல். எங்கள் தெருவில் நாற்பது வருடம் வாகன வேலை செய்த அண்ணை ஒருவர் அதைப் பார்த்துச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "வராட்டி எங்கயோ ஒரு ஆணி பிடிச்சுக்கொண்டு இருக்கு எண்டு அர்த்தம் தம்பி. இழுக்காதேங்கோ, தேடுங்கோ."

எங்கே தேடுவது? கப் வைக்கும் குழியின் ரப்பரைக் கிளப்புங்கள். கை வைக்கும் பெட்டியின் அடித்தளத்தைப் பாருங்கள். பின் சீற்றுக்காரரின் கால் பக்கமாக உள்ள முனையில் சாம்பல் தட்டோ சின்னத் தட்டையோ இருந்தால் அதன் உட்புறம். விரல் நகம் அளவான சதுர மூடிகளுக்குப் பின்னால். முன்னால் டாஷ்போர்டோடு சேருமிடத்தில், இரண்டு கால் பக்கமும், கார்ப்பெட்டை ஒட்டி. போன் டோர்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் மூடிகளின் விளிம்பு நிழலில் தெரியும். உங்கள் மொடலின் காணொளி கிடைத்தால் ஒரு தடவை முழுக்கப் பாருங்கள், ஆனால் வருடத்தையும் சரிபாருங்கள். ஒரே பெயரில் வந்த அடுத்த தலைமுறைக் காரில் ஸ்குரூ வேறு இடத்தில் இருக்கும்.

கியர் குமிழையும் கண்ணை மூடிக்கொண்டு மேலே இழுக்கக் கூடாது. மனுவல் கியரில் அது பெரும்பாலும் இடப்பக்கம் சுற்றிக் கழற்றுவது. ஓட்டோ கியரில் சிலதில் கழுத்துக்குக் கீழே ஸ்குரூ இருக்கும். முழுப் பலத்தோடு மேலே இழுத்து, அது திடீரென்று கழன்று மூக்கில் அடித்தவர்கள் இருக்கிறார்கள்.

ஆயுதம் பற்றியும் சொல்ல வேண்டும். ஜப்பான் கார்களின் நட்சத்திரத் தலை ஸ்குரூ பார்க்க வழமையான பிலிப்ஸ் மாதிரி இருக்கும், ஆனால் அளவு ஜேஐஎஸ் என்ற ஜப்பான் தரம். பிலிப்ஸ் ஸ்குரூ ட்ரைவரை வைத்தால் முழு ஆழம் இறங்காது. கொஞ்சம் அழுத்தித் திருப்பியதும் வழுக்கி, தலையைத் தின்றுவிடும். ஜேஐஎஸ் ட்ரைவர் கிடைக்காவிட்டால், நுனி நன்றாகப் பொருந்துகிற ஒன்றைத் தெரிந்து, திருப்புவதைவிட அதிகமாக அமர்த்திப் பிடியுங்கள். தரைப் பக்க போல்ட்டுகளுக்கு 10 மில்லிமீற்றர் சொக்கெட் போதும்.

பிளாஸ்டிக் தட்டுகளைக் கிளப்ப இரும்பு ஸ்குரூ ட்ரைவரைக் கொடுக்காதீர்கள். விளிம்பில் விழுகிற தழும்பு காரை விற்கும் நாள் வரை முகத்தில் முழிக்கும். இந்த வேலைக்கென்றே உள்ள நைலோன் தட்டைகள் மலிவு. கிளிப் இருக்கிற இடத்துக்கு நேரே கொடுத்து, ஒன்று கழன்றதும் அடுத்ததற்கு நகருங்கள். கால் பக்கத்தில் வட்டமான இரண்டு துண்டுக் கிளிப்புகள் இருக்கும். சிலதன் நடு ஊசியை உள்ளே அமர்த்தினால் விடும், சிலதன் ஊசியை வெளியே இழுக்க வேண்டும். எதுவென்று தெரியாமல் குறட்டால் பிடுங்கினால் உடைந்துவிடும். கடற்கரை மணல் அந்த ஊசிக்குள் இறுகியிருந்தால் முதலில் தூரிகையால் தட்டி எடுங்கள்.

மே முதல் செப்டெம்பர் வரை, கச்சான் காற்று அடிக்கிற நாட்களில் வெயிலில் நின்ற காருக்குள் மத்தியானம் இந்த வேலை வேண்டாம். அந்தச் சூட்டில் பொறுமை நிற்காது. வருடக்கணக்கில் வெயில் குடித்த பழைய கிளிப்புகள் பொறுமை இல்லாத கைக்கு உடனே முறிந்து கொடுக்கும். விடியற்காலை, மர நிழல். அதுதான் நேரம்.

பெட்டி கழன்றதும் ஒரேயடியாகத் தூக்காதீர்கள். அடியில் சிகரெட் லைட்டர் சொக்கெட், யூஎஸ்பி, கியர் எழுத்துகளுக்கான விளக்கு என்று வயர்கள் பிடித்திருக்கும். நாலு விரற்கடை தூக்கி, கையை உள்ளே விட்டு, கனெக்டரின் நாக்கை அமர்த்தி, கனெக்டரைப் பிடித்து இழுங்கள். வயரைப் பிடித்து இழுக்கவே கூடாது. ஒவ்வொன்றையும் கழற்றும் முன் படம் எடுங்கள். ஒரே மாதிரி இரண்டு கனெக்டர் இருந்தால் ஒரு துண்டு டேப்பில் எண் எழுதி ஒட்டுங்கள். திறந்து கிடக்கிற கியர் பொறிமுறையின் மேல் உடனே ஒரு துணியைப் போடுங்கள். உள்ளே விழுகிற ஒரு ஸ்குரூ லீவரையே சிக்க வைக்கும்.

எங்கள் ஊரில் இந்தக் கட்டத்தை அவசரமாகக் கடக்கக் கூடாது. கடலுப்புக் காற்றும் மார்கழி மழையில் காயாத கார்ப்பெட்டும் சேர்ந்து, தரையில் உள்ள ஏர்த் முனைகளில் பச்சையோ வெள்ளையோ பூக்க வைக்கும். மினுக்கி எரிகிற விளக்குகளுக்கும் விட்டுவிட்டு வேலை செய்யும் சுவிட்சுகளுக்கும் காரணம் பல நேரம் அதுதான். கொன்டாக்ட் கிளீனர் அடித்துத் துடைத்து, காய விட்டு இறுக்குங்கள். எயார்பேக் பெட்டியின் மேல் தேத்தண்ணியோ இளநீரோ வழிந்த தடம் தெரிந்தால் நீங்களே திறந்து கழுவ வேண்டாம், தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். கழற்றிய கொன்சோலைக் கழுவலாம், ஆனால் சொக்கெட்டுகளை எடுத்துவிட்டுக் கழுவி, நிழலில் முழுக்கக் காய வையுங்கள்.

ஸ்குரூக்களை ஒரே டப்பாவில் கொட்டுவதும் பிழை. முட்டை அட்டை ஒன்றை எடுத்து, ஒவ்வொரு குழிக்கும் இடத்தின் பெயரை எழுதிப் போடுங்கள். குட்டை ஸ்குரூவின் இடத்தில் நீளமானதைப் போட்டால் அது பின்னால் போகிற வயரைத் துளைத்துவிடும். பூட்டும்போது பிளாஸ்டிக்கில் இறங்கும் ஸ்குரூவை முதலில் இடப்பக்கமாக மெதுவாகச் சுற்றுங்கள். 'டிக்' என்று பழைய புரியில் விழும். அதன் பிறகு வலப்பக்கம் இறுக்கினால் புரி கெடாது. இறுகியது தெரிந்தவுடன் நிறுத்துங்கள்.

கொன்சோல் இல்லாமல் 'கடைக்கு மட்டும்' என்று காரை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். கழன்று கிடக்கும் துண்டு ஒன்று உருண்டு பிரேக்குக்கு அடியில் போனால் என்ன ஆகும் என்று எழுதத் தேவையில்லை.

எல்லாம் பூட்டி, எந்த வயரும் விளிம்பில் நசுங்கவில்லை என்று பார்த்த பிறகு, பற்றரியைக் கடைசியாக மாட்டுங்கள். இக்னிஷனைப் போட்டால் எயார்பேக் விளக்கு எரிந்து சுமார் 6 விநாடியில் அணைய வேண்டும். கியரை 'பி'க்குக் கொண்டுபோங்கள். பிரேக்கை மிதிக்காமல் இழுத்துப் பாருங்கள், வரக் கூடாது. மிதித்தால் வர வேண்டும். ஹான்ட் பிரேக்கைத் தூக்கி இறக்கி, டாஷ்போர்டில் அதன் விளக்கு எரிந்து அணைகிறதா என்று பாருங்கள். பவர் விண்டோ ஒரே தட்டில் மேலே போகாவிட்டால், கண்ணாடியை முழுக்க ஏற்றி சுவிட்சைச் சில விநாடி பிடித்திருங்கள். இவ்வளவும் சரியான பிறகு சில்லுகளில் இருக்கிற மரக்கட்டைகளை எடுங்கள்.