ஆக்சிஜன் குறைந்த கட்டியும் அதன் மரபணுக்களும்: ஆய்வு மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புற்றுக்கட்டி வளரும் வேகத்துக்கு ரத்தக் குழாய்கள் ஈடுகொடுப்பதில்லை. குழாயிலிருந்து ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு தள்ளிப் போவதற்குள் ஆக்சிஜன் தீர்ந்துவிடும். 1955-இல் தாம்லின்சனும் கிரேயும் நுரையீரல் கட்டிகளை மைக்ராஸ்கோப்பில் பார்த்து இதைக் கணக்கிட்டார்கள். குழாய்ப் பக்கம் உயிருள்ள செல்கள், உள்ளே தள்ளி இறந்த செல்கள். இரண்டுக்கும் நடுவில் மூச்சுத் திணறியபடி உயிரோடிருக்கும் செல்கள்தான் ஆபத்தானவை. அவற்றைக் கதிர்வீச்சால் கொல்லக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு டோஸ் வரை தேவைப்படும்.

ஆக்சிஜன் குறைந்ததைச் செல் எப்படி அறிகிறது? ஹிஃப்-1ஆல்ஃபா என்ற புரதத்தைச் செல் ஓயாமல் செய்துகொண்டே இருக்கிறது. ஆக்சிஜன் இருக்கும்வரை புரோலைல் ஹைட்ராக்சிலேஸ் என்சைம்கள் அதன்மேல் ஒரு குறி வைக்கும். விஹெச்எல் என்ற இன்னொரு புரதம் அந்தக் குறியைப் பிடித்து அதை அழிவுக்கு அனுப்பிவிடும். எல்லாம் சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஆக்சிஜன் குறைந்தால் குறி விழாது. புரதம் சேர்ந்து, செல்லின் கருவுக்குள் போய், நூற்றுக்கணக்கான மரபணுக்களை முடுக்கிவிடும். இதைக் கண்டறிந்ததற்காகத்தான் செமன்சா, ராட்கிளிஃப், கேலின் மூவருக்கும் 2019-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இதைப் பரீட்சையில் பிழையில்லாமல் எழுதும் மாணவர்கூட, லேபுக்கு வந்ததும் ஹிஃப்-1ஆல்ஃபாவின் எம்ஆர்என்ஏவை (மரபணுவிலிருந்து எடுக்கப்படும், புரதம் செய்வதற்கான நகலை) அளக்கப் போகிறார். அளவு பெரிதாக மாறவில்லை என்றதும் சோதனை தோற்றுவிட்டதாக நினைத்துவிடுகிறார். ஆனால் கட்டுப்பாடு நடப்பது புரதத்தின் அழிவில். எம்ஆர்என்ஏ பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும். புரதத்தைப் பாருங்கள், அல்லது அது முடுக்கிவிடும் சிஏ9 போன்ற மரபணுவைப் பாருங்கள்.

அடுத்தது இன்னும் பரவலான தவறு. எம்ஆர்என்ஏவை அளக்கும் கியூ-பிசிஆர் சோதனையில், மாறாது என்று நம்பி ஒப்பீட்டுக்கு வைக்கும் மரபணுவாகப் பழக்கதோஷத்தில் ஜிஏபிடிஹெச்சை எடுத்துக்கொள்கிறோம். அது தருவது குளுக்கோஸை உடைக்கும் பாதையில் ஒரு என்சைம். ஹிஃப் முடுக்கிவிடுவது அதே பாதையைத்தான். பல செல்வகைகளில் ஆக்சிஜன் குறைந்ததும் ஜிஏபிடிஹெச்சும் ஏறும். அளவுகோலே நீண்டுவிட்டால் அளந்தது எல்லாம் குட்டையாகத்தானே தெரியும்? உண்மையில் ஏறிய மரபணு மாறாததுபோலவும், மாறாதது இறங்கியதுபோலவும் தோன்றும். நானும் ஒரு முறை சில மாத முடிவுகளை இதனால் தூக்கிப்போட வேண்டியிருந்தது. உங்கள் செல்லில், உங்கள் ஆக்சிஜன் அளவில், எந்த மரபணு அசையாமல் நிற்கிறது என்று முதலில் சோதித்துவிட்டு அதையே ஒப்பீட்டுக்கு வையுங்கள். ஒன்றுக்குப் பதில் இரண்டு மூன்றாக இருந்தால் இன்னும் நல்லது.

சரி, ஆக்சிஜனைக் குறைத்துச் செல்களை வளர்க்கும் பெட்டியான சேம்பரின் மீட்டர் 1 சதவீதம் காட்டுகிறது. செல்லுக்கும் அவ்வளவுதான் கிடைக்கிறதா? செல்கள் வளரும் திரவமான மீடியத்தில் ஆக்சிஜன் மெதுவாகத்தான் ஊடுருவும். மேலே எத்தனை மில்லிமீட்டர் மீடியம் நிற்கிறது, அடியில் செல்கள் எவ்வளவு நெருக்கமாக இருந்து எவ்வளவு குடிக்கின்றன என்பதைப் பொறுத்து, செல்லுக்குக் கிடைப்பது மீட்டர் காட்டுவதைவிட மிகக் குறைந்துவிடலாம். தொடக்கத்தில் இதற்கு நேர் எதிராக நடக்கும். வெளியிலிருந்து கொண்டுவந்த மீடியத்திலும் பிளாஸ்டிக் தட்டிலும் கரைந்திருக்கும் ஆக்சிஜன் மணிக்கணக்கில் கசிந்துகொண்டே இருக்கும். அதனால் மீடியத்தை முந்தைய நாளே சேம்பருக்குள் வைத்துப் பழக்குங்கள். எத்தனை செல் போட்டோம், எவ்வளவு மீடியம் ஊற்றினோம் என்பதைக் கட்டாயம் குறித்து வையுங்கள்.

இதோடு சேர்ந்த இன்னொன்று, 'சாதாரண' இன்குபேட்டரை இயல்பு நிலை என்று நம்புவது. அங்கே சுமார் 18 முதல் 19 சதவீதம் ஆக்சிஜன் இருக்கும். உடலின் பெரும்பாலான திசுக்கள் ஒற்றை இலக்கச் சதவீதத்தில்தான் வாழ்கின்றன. 5 சதவீதத்திலும் ஒரு கன்ட்ரோல் (ஒப்பிட்டுப் பார்க்கும் தொகுதி) வைத்தால் ஒப்பீடு உடலுக்கு நெருக்கமாக வரும்.

அப்புறம், செல்களை வெளியே எடுத்து நிதானமாகக் கழுவிக்கொண்டிருக்காதீர்கள். சில நிமிடங்களில் ஹிஃப்-1ஆல்ஃபா காணாமல் போய்விடும். புரதத்தை எடுக்கச் செல்களைச் சேம்பருக்குள்ளேயே உடையுங்கள், முடியாவிட்டால் ஐஸில் நொடிகளில் முடியுங்கள்.

சேம்பர் இல்லாத லேப்கள் அதற்குப் பதில் கோபால்ட் குளோரைடு என்ற உப்பைச் செல்களில் ஊற்றுகின்றன. அது ஹிஃப்பை நிலைநிறுத்தும், உண்மை. ஆனால் தட்டில் ஆக்சிஜன் அப்படியே இருக்கிறது, அதை எரித்துச் செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா அது கிடைக்காமல் தவிப்பதில்லை. அதைச் செய்துவிட்டுக் கட்டுரையில் 'ஆக்சிஜன் குறைவு' என்று எழுதக் கூடாது.

எல்லா மாற்றத்தையும் ஹிஃப் தலையில் கட்டுவதும் தவறு. டிஎன்ஏவின்மேல் ஒட்டி மரபணுக்களை அடைத்துவைக்கும் மெத்தில் குறிகளை நீக்க உதவும் டெட் என்சைம்களுக்கே ஆக்சிஜன் வேண்டும். அது குறைந்தால் குறிகள் தங்கி, கட்டியைத் தடுக்கும் மரபணுக்கள் அடைபடுகின்றன என்று 2016-இல் ஒரு ஆய்வு காட்டியது. டிஎன்ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களில் அதே வேலை செய்யும் கேடிஎம்6ஏ, கேடிஎம்5ஏ என்சைம்களும் ஆக்சிஜனை நேரடியாக உணர்கின்றன என்று 2019-இல் தெரியவந்தது.

இதன் மறுபக்கமும் உண்டு. ஹிஃப் தெரிகிறது என்பதற்காக ஆக்சிஜன் குறைவு என்று முடிவு கட்டக் கூடாது. தெளிசெல் சிறுநீரகப் புற்றில் பெரும்பாலும் விஹெச்எல் கெட்டுப்போயிருக்கும். ஆக்சிஜன் தாராளமாக இருந்தாலும் ஹிஃப் அழியாது, சிஏ9 பளிச்சென்று தெரியும். அங்கே கட்டியை வளர்ப்பது முக்கியமாக ஹிஃப்-1-இன் உறவுப் புரதமான ஹிஃப்-2. ஹிஃப்-1 அதைத் தடுக்கும் பக்கம் நிற்கிறது. அந்த வேறுபாட்டைப் பிரித்துப் பார்த்ததால்தான் ஹிஃப்-2ஆல்ஃபாவை மட்டும் முடக்கும் பெல்சூட்டிஃபான் என்ற மருந்து உருவானது. விஹெச்எல் மரபணு பிறவியிலேயே பழுதான விஹெச்எல் நோயாளிகளுக்கு அமெரிக்காவில் 2021-இல் அதற்கு அனுமதி கிடைத்தது.