நாஸ்கார் ஹீட் ஓட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நின்டெண்டோ ஸ்விட்சில் 2021இல் வந்த அமெரிக்க கார் பந்தய வீடியோ கேமான ‘நாஸ்கார் ஹீட் அல்டிமேட் எடிஷன் பிளஸ்’ வாங்குகிறவர்கள் பெரும்பாலும் முதலில் டேட்டோனாவுக்குத்தான் போகிறார்கள். பெயர் தெரிந்த தடம், வேறென்ன? சுவரில் மோதாதே என்றெல்லாம் சொல்லப்போவதில்லை. அது தானாகவே புரிந்துவிடும்.

டேட்டோனா விரலோடு மார்ட்டின்ஸ்வில்லுக்குப் போவது

டேட்டோனா இரண்டரை மைல் தடம், வளைவில் 31 டிகிரி சரிவு. வேகம் கூட்டும் இசட்ஆர் பொத்தானை அமுக்கினால் விடவே வேண்டாம். மார்ட்டின்ஸ்வில் 0.526 மைல்தான், சரிவும் 12 டிகிரிதான். அங்கே அதே பழக்கம் டயரைத் தின்றுவிடும்.

அக்கா மகன் அங்கே தாமதமாக பிரேக் பிடித்து முதல் சில சுற்றுகளில் வரிசையாக முந்தினான். ஒரே ஆர்ப்பாட்டம். அப்புறம் கார் திரும்பவே மறுத்தது. “மாமா, கன்ட்ரோலர் ரிப்பேர்” என்றான். கன்ட்ரோலருக்கு ஒன்றும் இல்லை. இடப்பக்கமாகவே திரும்புவதால் பாரமெல்லாம் வலப்பக்கம் சாய்கிறது; வேகமாக நுழைந்து ஸ்டியரிங்கையும் ஒடித்தால் வலது முன் டயர்தான் தேயும். அதோடு விட்டானா? காரின் அமைப்புக்குப் போய், பின்பக்கம் எளிதில் வழுக்கும் ‘லூஸ்’ பக்கம் முழுக்கத் தள்ளினான். இப்போது வளைவிலிருந்து வெளியேறும்போதெல்லாம் பின்பக்கம் சுழன்றது. ஓட்டும் விதத்தில் இருக்கும் கோளாறை அமைப்பில் சரிசெய்யப் பார்ப்பதைக் கண்டால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல்தான்.

ஸ்விட்சின் இசட்ஆர் வெறும் பொத்தான். பாதி அமுக்கு என்பது அதில் கிடையாது, முழு வேகம் அல்லது பூஜ்யம். அதனால் நேர்ப்பாதை முடியும் முன்பே விரலை எடுங்கள். கார் நேராக இருக்கும்போதே பிரேக்கை முடித்துவிடுங்கள். வளைவின் நடுவில் எதையும் அமுக்காமல் உருள விடுங்கள். ஸ்டியரிங் நேராகத் தொடங்கியதும் இசட்ஆரை விட்டு விட்டுத் தட்டுங்கள். ஆரம்பத்தில் இரண்டு மூன்று பேர் முந்திப் போவார்கள். போகட்டும், அவர்கள் டயர் தேய்ந்ததும் பிடித்துக்கொள்ளலாம்.

குட்டிப் பந்தயமே ஓட்டிப் பழகுவது

டயர் தேய்வதற்குள் முடிவுக் கொடி விழுந்துவிடும், ஒன்றும் கற்க மாட்டீர்கள். நேரமில்லை என்றால் டயர் தேய்மான அளவையாவது கூட்டிக்கொள்ளுங்கள்.

டலடேகாவில் தனியாக வரிசையை விட்டு விலகுவது

டலடேகாவும் டேட்டோனா மாதிரி பெரிய தடம்; ஒன்றின் பின் ஒன்றாக ஓடினால்தான் காற்றுத் தடை குறைந்து வேகம் கிடைக்கும். பின்னாலிருந்து தள்ள ஆள் வராவிட்டால் விலகாதீர்கள். மொத்த வரிசையும் உங்களைத் தாண்டிப் போய்விடும்.

மண் தடத்தில் இடப்பக்கமே ஒடிப்பது

வால் வழுக்கினால் வலப்பக்கம் திருப்புங்கள். அவ்வளவுதான்.